கட்டைவிரல் பழக்கம், முழங்கை, 21 நாள் கதை: மசாஜ் வேலையில் மூளையை மாற்ற முடியுமா?

கேள்வி, மார்ச் 2

மசாஜ் வேலைக்கு வந்து பத்து வருசத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு கட்டைவிரலும் அடியில் வலிக்கிறது, காலையில் பிரஷ் பிடிக்கவே கஷ்டம். முழங்கை, முன்கை வைத்துச் செய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். செய்யவும் தெரியும். ஆனால் ஆள் வந்து குப்புறப் படுத்ததும் கை தானாகக் கட்டைவிரலுக்குப் போய்விடுகிறது. நியூரோபிளாஸ்டிசிட்டி, அதாவது பழகப் பழக மூளையே மாறுவது, பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். 21 நாள் விடாமல் செய்தால் மூளை மாறிவிடும், பழைய பழக்கம் அழிந்துவிடும் என்கிறார்கள். நம் வேலைக்கு இது ஒத்துவருமா?

மார்ச் 2, இரவு

மூளை மாறும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த 21 நாள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். 1960ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியது அது. மூக்கை மாற்றிக்கொண்ட ஆட்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார். ‘குறைந்தது’ என்பது வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது, மூக்கும் உதிர்ந்துவிட்டது, வெறும் 21 மட்டும் வீடியோவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

உருப்படியாக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு, 2010ல் வந்த ஆய்வு. 96 பேர், ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம்: மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம், இந்த மாதிரி. யோசிக்காமல் செய்கிற அளவுக்கு வர இடைநிலைக் கணக்கில் 66 நாள் ஆனது. ஆனால் ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 வரை போகும் என்று கணக்கு நீண்டது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது.

மீதி நாளைக்கு. இப்போதுதான் கடை மூடி வந்தேன்.

மார்ச் 3

லாலி கணக்கை அப்படியே நமக்குப் போட முடியாது என்று ராத்திரி படுத்தபிறகு தோன்றியது. அவர்கள் ஒன்றைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பழம் சாப்பிட ஆரம்பிப்பவர் அந்த நேரத்தில் செய்துவந்த வேறு எதையும் விட வேண்டியதில்லை. நமக்கோ அதே முதுகு, அதே எண்ணெய், அதே தோள்பட்டை எலும்பின் ஓரம், அங்கே ஏற்கெனவே ஒரு பழக்கம் பட்டா வாங்கி உட்கார்ந்திருக்கிறது.

அது ‘அழிந்துவிடும்’ என்பதற்கு எதிராக ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் பல வருடங்களாகப் பழக்கங்களை ஆராய்கிறவர். எலிகளை டி எழுத்து வடிவப் பாதையில் ஓடவிட்டு, கடைசியில் பரிசு வைத்து, மூளையின் உள்ளே ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் நரம்பணுக்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். பாதை நன்றாகப் பழகியபின் அந்த அணுக்கள் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் பலமாகத் துடித்தன, நடுவில் அடங்கிவிட்டன. முழு ஓட்டமும் ஒரே துண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசை நிறுத்தியதும் அந்த வடிவம் கலைந்தது. மறுபடி பரிசு வைத்ததும் பழைய வடிவம் சட்டென்று திரும்பி வந்தது. இது 2005ல் வெளியானது.

நமக்கு யாரும் பரிசு வைப்பதில்லை என்கிறீர்களா? ‘அங்கதான், அங்கதான், அப்படியே அழுத்துங்க’ என்று கஸ்டமர் முனகுகிறாரே, அது என்ன?

மார்ச் 3, சாயங்காலம்

ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மூளைப் பேச்சு எல்லாம் அப்புறம், கையை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கட்டைவிரல் நுனியில் 1 கிலோ கிள்ளு விசை கொடுத்தால் மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டில் 12 கிலோ அளவுக்குச் சுமை விழுகிறது என்று கூனி, சாவோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977ல் கணக்கிட்டார்கள். இதைப் பத்து வருசத்தால் பெருக்கிப் பாருங்கள். மூட்டு தேய்ந்திருந்தால் அது வேறு விஷயம், தசைநாண் உறை வீங்கியிருந்தால் அதற்கு வேறு வைத்தியம். மூளை மாறினால் நாளைக்கு விழப்போகிற சுமை குறையும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்த்துத் தராது.

மார்ச் 5

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறார்கள். நீளமாகப் போகும்.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை செய்கிறேன். முதலில் மாற்றியது மனசை அல்ல, பெட் உயரத்தை. பக்கத்தில் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் முட்டிகள் பெட்டின் மேல் தொட வேண்டும், ஆழமாக அழுத்துகிற வேலை என்றால் அதைவிடவும் கொஞ்சம் தாழ. அப்போது வேலை செய்த கடையில் பெட் எல்லாம் ஒரே உயரம், கால் அசையாது, எனக்கு அது உயரம். உயரமான பெட்டில் உடம்பின் எடையை இறக்கவே முடியாது. தோளைத் தூக்கிக்கொண்டு கைத் தசையால்தான் தள்ள வேண்டும். கை சீக்கிரம் சோர்ந்துவிடும், சோர்ந்த கை சின்னப் பரப்பைத் தேடும், சின்னப் பரப்பு என்றால் கட்டைவிரல்தானே. முழங்கை வைக்கத் தெரிந்தும் வைக்காததற்குப் பாதிக் காரணம் அந்த நாலு மரக்கால்தான். ஒரு அகலமான பலகையைக் கீழே போட்டு அதன்மேல் நின்றேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை, கஸ்டமர் தடுக்கி விழுவார் என்றார். கஸ்டமர் உள்ளே வந்து படுத்தபிறகுதான் பலகை வெளியே வரும் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

அப்புறம் எந்த நொடியில் கட்டைவிரல் வெளியே வருகிறது என்று கவனித்தேன். இறுகிய தசை முடிச்சு தட்டுப்படும்போது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. எண்ணெய் தடவி இரண்டு உள்ளங்கையும் இடுப்பிலிருந்து மேலே வழுக்கிப் போகும், தோளில் சுற்றித் திரும்பும். அந்தத் திருப்பத்தில், இன்னும் எந்த முடிச்சும் கிடைக்காதபோதே, கட்டைவிரல் உள்ளங்கையை விட்டுப் பிரிந்து தோள்பட்டை எலும்பின் உள்மூலையை நோக்கி நிமிர்ந்துவிடுகிறது. அந்த எலியின் ஓட்டம் மாதிரி, இது அங்கேயே தொடங்கிவிட்டது. அழுத்தும்போது நிறுத்தப் பார்த்தால் தாமதம்.

அதனால் தொடக்கத்தையே வேறாக்கினேன். பக்கவாட்டில் நின்று ஆரம்பிப்பதை விட்டுத் தலைப்பக்கம் போய் நின்று, முன்கையால் தோளிலிருந்து இடுப்பை நோக்கி இறங்குகிற மாதிரி. இடம் மாறினால் பழைய சங்கிலிக்குப் பிடி கிடைப்பதில்லை. கூடவே ஒரு சின்ன நிபந்தனை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999ல் எழுதியதை ஒட்டி இதை நிறையப் பேர் சொல்கிறார்கள்: ‘கவனமாக இருப்பேன்’ என்று முடிவெடுப்பதைவிட ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று கட்டிவைப்பது நிற்கும். நான் கட்டியது, எண்ணெய்ப் பாட்டில் மூடியைத் திருகியதும் இரண்டு கட்டைவிரலையும் முஷ்டிக்குள் மடக்கிவிடுவது. குழந்தை கைபோல இருக்கும். பரவாயில்லை, கஸ்டமர் குப்புறத்தானே படுத்திருக்கிறார்.

மார்ச் 5, இன்னொன்று

முழங்கை என்றால் கூர்முனை அல்ல. அதற்கு இரண்டு மூன்று விரல் கீழே முன்கையில் ஒரு தட்டையான இடம் இருக்கிறது, அதைத்தான் வைக்க வேண்டும். கையை மடக்க மடக்கக் கூர்மை கூடும், விரிக்க விரிக்க மழுங்கும். முதுகெலும்பின் மேலும் கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டிலும் அது போகவே கூடாது. விலா முடிகிற இடத்துக்குக் கீழே, சிறுநீரகப் பக்கம், எடை இறக்காதீர்கள்.

மார்ச் 9

‘முழங்கையில் என்ன தெரியும், மரக்கட்டை மாதிரி, கட்டைவிரல்தான் கண்’ என்று எழுதியிருக்கிறார் ஒருவர். நியாயமான பேச்சு. விரல் நுனியின் நுண்ணுணர்வு முழங்கைத் தோலுக்குக் கிடையாது, மூளையில் விரல்களுக்கு ஒதுக்கியிருக்கிற இடமும் பெரிது. ஆனால் அந்த இடம் கல்லில் வெட்டியதல்ல. வயலின் போன்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர்களின் இடது கை விரல்களுக்கு மூளையில் கூடுதல் இடம் இருப்பதை 1995ல் எல்பர்ட்டின் குழு காட்டியது, சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு இன்னும் அதிகம். பிறவியிலோ இளவயதிலோ பார்வை போனவர்கள் பிரெய்ல் தடவும்போது, மற்றவர்களுக்குப் பார்ப்பதற்கென்று இருக்கிற மூளைப் பகுதி வேலை செய்கிறது என்று சடாட்டோவின் குழு 1996ல் கண்டது.

இதைப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியுமா? மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது இங்கேதான், 1951லிருந்து இயங்குகிறது. நடைபாதையில் மஞ்சள் கோடுகள் ஓடும், காலால் தடவி நடக்கலாம். பார்வையில்லாத மசாஜ்காரர்களால்தான் இந்த வட்டாரத்துக்கு இந்தத் தொழிலில் பெயர். என் பக்கத்து பெட்டில் வேலை செய்கிற அண்ணன் அவர்களில் ஒருவர், எனக்கு இரண்டு மடங்கு அனுபவம், அவர் கட்டைவிரல் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. பார்வை இல்லாததால் அவருக்குத் தொடுவுணர்வு முழங்கை வரைக்கும் விரிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

மார்ச் 10

மேலே எழுதியதை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

‘தம்பி, கண்ணு தெரியாதவன் கையில மந்திரம் இருக்குன்னு கஸ்டமர்தான் சொல்வாங்க, நீயுமா? என் முழங்கைக்கு ஒண்ணும் தெரியாது. நான் அதை வச்சுத் தேடறதே இல்லை.’

அவர் செய்வது இதுதான், அப்புறம் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது கையின் நடு மூன்று விரலும் முதலில் போகும், எடையே இல்லாமல், தோலை நகர்த்துகிற அளவுக்கு மட்டும். இறுகிய இடம் கிடைத்ததும் விரல்கள் அதன் இரண்டு பக்கமும் விரிந்து காவலுக்கு நிற்கும். நடுவில் வலது முன்கை வந்து இறங்கும். இறங்குவது என்றால் தள்ளுவது இல்லை, பின்கால் குதிகாலைத் தரையில் ஊன்றி உடம்பை முன்னால் சாய்ப்பது, ஒரு மூச்சு நேரம் ஆகும். தசை இளகுவதை விரல்தான் சொல்லும், முன்கை சும்மா சுமை. ஆகவே முழங்கையைக் கண்ணாக்கப் பார்க்காதீர்கள், கட்டைவிரல் செய்துவந்த இரண்டு வேலையைப் பிரித்து இரண்டு கைக்குக் கொடுங்கள். நான் நேற்று சொன்ன பெரிய தத்துவத்தைவிட இது எளிது, உடனே செய்யவும் முடியும்.

சடாட்டோ ஆய்வு உண்மைதான், அதில் மாற்றமில்லை. அதை அண்ணன் தலையில் கட்டியதுதான் கொஞ்சம் அதிகம்.

மார்ச் 17

எல்.ஆர்.டி. ரயிலில் கண்ணை மூடி உட்கார்ந்து மனசுக்குள் ஒரு முழு முதுகையும் செய்து பார்க்கிறேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அல்வாரோ பாஸ்குவால்-லியோன் 1995ல் செய்த சோதனை: பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், ஐந்து நாள். ஒரு குழு வாசித்தது, இன்னொரு குழு பியானோ முன் உட்கார்ந்து வாசிப்பதாக மனசில் நினைத்தது மட்டும். இரண்டு குழுவுக்குமே அந்த விரல்களை ஆட்டுகிற மூளைப்பகுதி விரிந்தது. வாசித்தவர்கள் கை அதிகம் தேறியது என்பது உண்மை, ஆனால் நினைத்தவர்களும் சும்மா இருந்தவர்களைவிட முன்னேறினார்கள்.

கை வலிக்கிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை, மூட்டுக்குச் செலவே கிடையாது. ஆனால் விவரமாக நினைக்க வேண்டும். மூடி திருகுகிறது, கட்டைவிரல் மடங்குகிறது, எந்தக் கால் முன்னால், முன்கை எங்கே தொடுகிறது, தோலின் சூடு வரைக்கும். ‘நான் நல்ல தெரபிஸ்ட் ஆகிறேன்’ என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஸ்டேஷன் தாண்டிவிடும், வேறொன்றும் நடக்காது.

மார்ச் 30

சனிக்கிழமை. கஸ்டமர் மேல் கஸ்டமர், சாப்பிட நேரமில்லை, கடைசி ஆள் அரை மணி தாமதம். இரண்டு கட்டைவிரலும் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருந்ததை முதுகு பாதி முடிந்தபின்தான் கவனித்தேன். கிரேபியல் எலி ஞாபகம் வந்தது.

களைப்பிலும் அவசரத்திலும் பழசுதான் மேலே வரும், அது எனக்கு மட்டும் நடப்பதில்லை. அதனால் சனிக்கிழமைக்குத் தனி ஏற்பாடு: இரண்டு கட்டைவிரலிலும் அடியில் டேப் சுற்றிவிடுகிறேன். மூட்டுக்குத் தாங்கல் என்பதைவிட, கட்டைவிரலை நீட்டும்போதே இழுக்கும், அந்த இழுப்பு போதும் நினைவூட்ட. எண்ணெயில் டேப் வழுக்கும், இரண்டு ஆளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். விளையாட்டு வீரர்கள் சுற்றுகிற வெள்ளை டேப் ஓரளவு நிற்கிறது.

கேள்வி கேட்டவருக்கு: புதுப் பழக்கத்தைச் சனிக்கிழமை பழகாதீர்கள். காலையில் முதல் ஆள், தெரிந்த ஆள், அவசரப்படாத ஆள், அவரிடம் பழகுங்கள்.

ஏப்ரல் 12

‘கஸ்டமர் ஒத்துக்கொள்வதில்லை’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஆமாம். கட்டைவிரல் கூர்மையாகக் குத்துவதைத்தான் ‘நல்லா அழுத்தறார்’ என்று பெயர் கட்டியிருக்கிறார்கள். ஒரு ரெகுலர் அங்கிள் என்னிடம் நேராகவே சொன்னார், ‘முன்ன மாதிரி இல்லையே தம்பி, சோம்பேறி ஆயிட்டியா?’ என்று. டிப்ஸும் அன்றைக்கு இல்லை. நான் விளக்கம் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் என் மூட்டைப் பற்றிக் கேட்க ஆசையில்லை, காசு கொடுத்துப் படுத்திருப்பது அவர்கள். இப்போது வேறு மாதிரி. முன்கையை இறக்கி, அது அடியில் போனபிறகு ‘வலி பத்துக்கு எத்தனை அங்கிள்?’ என்று கேட்கிறேன். ஏழு என்பார். அப்படியே நின்று ‘இப்ப?’ என்பேன். நாலு என்பார். அவரே சொன்ன எண் என்பதால் அப்புறம் சண்டை இல்லை.

பழகும் முறை பற்றியும் ஒரு கேள்வி இருந்தது, ஒரே முதுகில் திரும்பத் திரும்பச் செய்வதா என்று. 1979ல் ஷே, மோர்கன் இருவரும் கை அசைவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பப் பழகியவர்களையும் கலந்து பழகியவர்களையும் ஒப்பிட்டார்கள். கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள், பத்து நாள் கழித்துப் பார்த்தால் அவர்கள்தான் மேல். நமக்கு ஒல்லி, குண்டு, ஜிம் போகிறவர், ஆபீசில் உட்கார்ந்தே இருப்பவர் என்று உடம்பு தானாகவே கலந்துதான் வருகிறது. தடுமாற்றத்தைப் பார்த்து ‘எனக்கு வராது’ என்று விட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

ஏப்ரல் 13

தாய் மசாஜ்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லையா என்று பினாங்கு நண்பர். அவர்களும் கட்டைவிரலை நிறையவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் கஸ்டமர் தரையில் பாயில் படுத்திருப்பதால் உடம்பின் எடை மேலிருந்து இறங்குகிறது, முழங்கால், பாதம், முழங்கை எல்லாம் அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. கேரளத்தின் சவிட்டி உழிச்சிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால்தான் செய்வார்கள். நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்கிற மசாஜ் முறையில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. அதில் அழுத்தல் ஒன்றே ஒன்று. நாமோ ஒரு மணி நேரமும் அந்த ஒன்றையே செய்துவிட்டு விரல் வலிக்கிறது என்கிறோம்.

மே 4

பயமுறுத்துகிற ஒரு தகவல், ஆனால் சொல்ல வேண்டும். நான்சி பைல், மெர்ஸெனிக் குழு 1996ல் குரங்குகளைக் கையைத் திரும்பத் திரும்ப வேகமாக மூடித் திறக்கப் பழக்கினார்கள். கை சரியாக வேலை செய்யாமல் போனது. மூளையில் விரல்களுக்கான எல்லைகளும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. வாத்தியக்காரர்கள் சிலருக்கு விரல் தானாகச் சுருண்டுகொள்கிற கோளாறைப் புரிந்துகொள்ளச் செய்த ஆய்வு அது. நியூரோபிளாஸ்டிசிட்டியை டானிக் மாதிரி விற்கிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. திரும்பத் திரும்பச் செய்வது நல்லதா கெட்டதா என்று மூளை பார்ப்பதில்லை, அது பாட்டுக்கு மாறும்.

ஆகவே கட்டைவிரலை விட்டுவிட்டு அதே வெறியோடு முழங்கைக்குப் போனால் இன்னும் சில வருசத்தில் தோள் வலி என்று வேறொரு கேள்வி போடுவீர்கள். முன்கை, முஷ்டி, உள்ளங்கையின் அடி, பிசைவது, இழுப்பது, அசைப்பது என்று மாற்றிக்கொண்டே இருங்கள். தூங்குங்கள். விரல் தட்டுகிற வரிசையைப் பழகிவிட்டுத் தூங்கி எழுந்தவர்கள், கூடுதல் பயிற்சி இல்லாமலே 20 சதவீதம் அளவுக்கு வேகமானதை மேத்யூ வாக்கர் குழு 2002ல் காட்டியது. கடை மூடி நள்ளிரவில் வீட்டுக்கு வந்து போனைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி வரை விழித்திருக்கிறவர்களுக்கு இது. எனக்கும்தான்.

மே 20

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஒரு மூட்டில் தேய்மானம் ஆரம்பம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், இரவில் போட, மூட்டை அசையாமல் பிடிக்கிற ஸ்பிளின்ட் கொடுத்திருக்கிறார்கள், கட்டைவிரல் மடக்குவது காலை நேரத்தில் பழகிவிட்டது, சனிக்கிழமை இன்னும் இல்லை. சரி, சனிக்கிழமை மெதுவாக வரட்டும்.

அவர் கடைசியாகக் கேட்டது பாத மசாஜ் பற்றி. அங்கே நான் எழுதிய பாதி உதவாது. உட்கார்ந்து செய்கிற வேலை, எடையை மேலிருந்து இறக்க வழியில்லை, பாதத்தில் முன்கைக்கு இடமும் கிடையாது. மடக்கிய ஆள்காட்டி விரலின் முட்டியைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அதை அந்தக் கையின் கட்டைவிரல்தான் முட்டுக்கொடுத்துப் பிடிக்கிறது, ஆக அதே மூட்டுக்கு வேறு வாசல் வழியாகச் சுமை. மரக்குச்சி பிடிப்பவர்களும் குச்சியைக் கிள்ளித்தான் பிடிக்கிறார்கள். குச்சியின் பிடியைத் தடிமனாக்கி, உள்ளங்கை முழுக்க அடைகிற மாதிரி துணி சுற்றிக்கொண்டால் கிள்ளு குறையும். நாற்காலியைக் கஸ்டமர் காலுக்கு நேராக, நெருக்கமாகப் போட்டு, இடுப்பிலிருந்து முன்னால் சாயப் பார்க்கலாம். நாள் முழுக்கப் பாதம் மட்டும் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் குச்சியில் எந்தக் கனம் கைக்கு ஒத்துவருகிறது என்று எழுதுங்கள், எங்கள் கடையில் புதிதாக வாங்கப் போகிறார்கள்.